பிள்ளைகள் அறையில் யார்?

1

கடலூர் வண்டிப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியறைக் கதவு ஒரு சாண் மட்டும் திறந்து நின்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். உள்ளே, சுவரோடு மடக்கி வைக்கிற கட்டில் கீழே இறங்கியிருக்கிறது. பகல் பதினொரு மணிக்குக் கட்டில் இறங்கியிருந்தால் அதில் யாரோ படுத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கப் போலீஸ் மூளை எல்லாம் வேண்டாம். அந்த அறைக்குப் பிளான் வரைந்தவன் நான். அதில் இருக்கிற கோளாறும் எனக்கு அத்துப்படி.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஊரில் காலை ஏழரை மணி. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி இருக்கிற சின்ன ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே காலி பாட்டிலைத் தொட்டியில் போட்டால்கூட, சத்தம் கேட்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் கடிதம் எழுதி ஒட்டிவிடுவார். அதனால் அன்றைக்கு எனக்கு உள்ள ஒரே வேலை அம்மாவுக்கு வீடியோ கால் போடுவது. பதினொரு வருடமாக இதே வேலைதான்.

"மாடி ரூம் ஜன்னலுக்குப் புதுசா ஸ்கிரீன் போட்டேன்னு சொன்னியே, அதக் காட்டும்மா. யாழினி பாக்கணுங்கிறா" என்றேன். யாழினி என் மகள், பதிமூன்று வயது. அவள் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருக்குமே என்று நானே அவள் பெயரைச் சேர்த்துக்கொண்டேன்.

"முருங்க நல்லா காய்ச்சிருக்குது, அதப் பாக்கிறியா?" என்று அம்மா பேச்சை மாற்றினாள். நான் விடவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். கதவைத் தள்ளினாள். அது ஒரு சாண் திறந்து, எதிலோ இடித்து நின்றது. இடுக்கில் இருட்டு. ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"மழையில கதவு உப்பிக்கிச்சிடா" என்றாள்.

அக்னி நட்சத்திரத்தில், கடலூரில், மழை. சரிம்மா என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அந்த வாக்கியத்தை அம்மா கிசுகிசுவென்று சொன்னாள். பக்கத்தில் யாராவது தூங்கினால்தான் அவள் அப்படிப் பேசுவாள்.

2

அந்த அறை ஏன் கட்டப்பட்டது என்று சொல்ல வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு நாங்கள் ஊருக்குப் போனபோது யாழினிக்குப் பத்து வயது, மகன் நிலவனுக்கு ஐந்து. அப்போது வீட்டில் மாடி கிடையாது. எல்லோரும் ஹாலில் வரிசையாகப் படுத்தோம். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை, சொல்லப்போனால் சந்தோஷமாகவே இருந்தது. யாழினியின் பெட்டி மூன்று வாரமும் வழியில் கிடந்தது. யார் வந்தாலும் அதைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்கள். அவள் பெட்டியைத் திறந்து துணியை எடுத்துக்கொண்டு, மாற்றுவதற்குக் குளியலறைக்குப் போவாள். திரும்பி வரும்போது விமானத்தில் கேட்டாள்: "அப்பா, அது உங்க வீடுதானே? அப்ப ஏன் நாம பெட்டியிலேர்ந்தே டிரெஸ் எடுத்தோம்?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. இன்னும் ஐந்து வருடம் போனால் நான் இழுத்தால்தான் இவர்கள் கடலூருக்கு வருவார்கள். பத்து வருடம் போனால் இழுத்தாலும் வர மாட்டார்கள். அங்கே போய் ஒரு அலமாரியைத் திறந்தால் தங்கள் துணி, தங்கள் பென்சில், தங்கள் தலையணை இருக்க வேண்டும். இருந்தால் வருவார்கள் என்று நம்பினேன். இப்போதும் அதைத்தான் நம்புகிறேன்.

மாடியில் ஒரு அறை எடுக்கலாம் என்று என் தம்பி சேகரிடம் சொன்னேன். சேகர் என்னைவிட ஏழு வயது சின்னவன், மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், அம்மாவோடு இருக்கிறான். அவன் சம்மதித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னான்.

"மூணு வாரம் வருவீங்க. மீதி நாளெல்லாம் அந்த ரூம பூட்டி வச்சி என்னண்ணா பண்றது? பசங்களுக்கும் ஆச்சி, வெளியூர்லேர்ந்து யாராச்சும் வந்தா படுத்துக்கவும் ஆச்சின்னு கட்டலாம்."

நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த 'யாராச்சும்' எனக்குப் பிடிக்கவில்லை. யார் அந்த யாராச்சும்? சேகர் மனதில் ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறானோ என்று அன்றைக்கே யோசித்தேன். என் சுபாவம் அப்படி. கடையில் ஆரஞ்சு வாங்கினாலும் அடியில் இருக்கிறதைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பேன்.

சரி, விருந்தாளியும் படுக்கட்டும், ஆனால் அறை பிள்ளைகளுடையதாகத் தெரிய வேண்டும் என்று நானே வரைய உட்கார்ந்தேன். இங்கே வீடுகள் சின்னவை. கட்டிலைச் சுவரோடு மடக்கி வைக்கிற ஏற்பாடு பல வீடுகளில் உண்டு. பகலில் கட்டில் மேலே போய்விடும், பிள்ளைகள் தரையில் விளையாடலாம். ஜன்னலுக்குக் கீழே நீளமான பெஞ்சு, அதற்குள் யாழினிக்கு ஒரு டிராயர், நிலவனுக்கு ஒரு டிராயர், இரண்டுக்கும் பூட்டு. எதிர்ச் சுவரில் அலமாரி. மேல் தட்டு மட்டும் விருந்தாளிக்கு. விருந்தாளிக்குக் கோடு போட்ட படுக்கை விரிப்பு, பிள்ளைகளுக்கு நட்சத்திரம் போட்டது, இரண்டும் கலக்கக் கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாட்ஸப்பில் அனுப்பினேன். சேகர் கட்டை விரலைக் காட்டுகிற படம் ஒன்றை மட்டும் பதிலாகப் போட்டான்.

உள்ளளவு நீளம் பன்னிரண்டு அடி. இறக்கிய கட்டில் சுவரிலிருந்து ஏழடி வரும், எதிர் அலமாரி ஒன்றரை, நடுவில் மிஞ்சுகிற மூன்றரை அடியில் மூன்றடிக் கதவு உள்பக்கம் தாராளமாகத் திறக்கும். நான்கு தடவை கணக்குப் பார்த்தேன்.

போன கோடையில் ஊருக்குப் போய்க் கட்டிலை இறக்கினோம். கதவு ஒரு சாண் திறந்து கட்டிலில் இடித்தது. டேப்பைப் பிடித்து அளந்தேன். பதினொரு அடி. ஒரு அடியைக் காணோம்.

3

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், மாடி எடுத்தபோது கூடவே கட்டிய சேகரின் குளியலறை. வேறு என்ன நினைப்பேன்? தம்பி ஒரு அடியைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் அவனிடம் சரியாகப் பேசவில்லை. அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து வெளியிலிருந்து அந்தச் சுவரையும் அளந்தேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"என்னடா பண்ற, டேப்ப வச்சிகினு?"

சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பன்னெண்டு அடி ஆவாதுன்னு மேஸ்திரி சொன்னாரு. பத்தும் பதினொண்ணும்தான் மனையடிக்கு நல்லதாம். புள்ளைங்க படுக்கிற ரூமு. நான்தான் ஒரு அடி கொறைக்கச் சொன்னேன். சேகருக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் அறையின் உள்ளளவை மனையடிக் கணக்கு பார்த்துத்தான் வைப்பார்கள். கடலூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். பதினொரு வருடத்தில் மறந்துபோயிருந்தேன். தச்சர் மட்டும் நான் அனுப்பிய அளவுக்கு அப்படியே கட்டில் செய்துவிட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ கேள்வியா கேப்ப" என்றாள் அம்மா.

ஆக, அந்த அறையில் படுப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் உள்ளே போக வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், பிறகு கட்டிலை இறக்க வேண்டும். இறக்கிவிட்டால் வெளியிலிருந்து ஒருவரும் நுழைய முடியாது. சேகர் வெட்கப்பட்டு, கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிடலாம் என்றான். வெளியே மாடிப்படி, இடமில்லை. நான் எரிச்சலில் இருந்தேன். யாழினி மட்டும் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு சொன்னாள்: "சூப்பர் ஐடியாப்பா. யாரும் உள்ள வர முடியாது." நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று நினைத்துவிட்டாள். நானும் திருத்தவில்லை.

4

அறை விஷயத்தில் எனக்கு இந்த ஊரிலும் ஒரு அவமானம் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் என் பக்கத்து நியாயத்தை மட்டும் சொன்னதாகிவிடும்.

போன வருடம் மழைக்காலத்தில் அம்மாவை மூன்று மாதம் இங்கே அழைத்து வந்தோம். அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய் ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வீட்டின் பரப்பளவு, எத்தனை அறை, எத்தனை தலை. பள்ளி விடுமுறை என்பதால் யாழினியும் கூட வந்தாள். கார் உதிரி பாகம் பற்றி நான் ஜெர்மன் மொழியில் மணிக்கணக்கில் பேசுவேன். அரசாங்க மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால், அந்த மொழியில் வாக்கியத்தின் கடைசியில் வர வேண்டிய வினைச்சொல் வந்து சேராது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அம்மாள் கேட்டார்: "விருந்தாளி எங்கே தூங்குவார்?"

"மகளின் அறையில்."

"அப்படியானால் மகள்?"

"ஹாலில், சோபாவில். அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்."

அவர் என் மகளைத் திரும்பிப் பார்த்தார். யாழினி என்னைவிடப் பத்து மடங்கு நல்ல ஜெர்மனில் மரியாதையாகச் சொன்னாள்: "பிடிக்குமா என்று என்னை யாரும் கேட்கவில்லை."

அந்த அம்மாள் எதையோ ஓரத்தில் குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று நான் இரண்டு வாரம் தூக்கம் கெட்டு யோசித்தேன். விசா வந்துவிட்டது, அது வேறு விஷயம். பேருந்தில் திரும்பும்போது மகளைக் கடிந்துகொண்டேன். பாட்டி வருவது உனக்குப் பிடிக்கவில்லையா என்றேன். "பாட்டி வரட்டும். கேக்கணும்னுதானே சொன்னேன்" என்றாள். இந்த ஊர்ப் பிள்ளைகளின் பேச்சு அவளுக்கு ஏறிவிட்டது, நம்மை விட்டுப் போகிறாள் என்று அன்றைக்கு என் மனைவி கல்பனாவிடம் புலம்பினேன். யாழினி தன் தலையணையை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் சோபாவில் படுத்தாள்.

5

மீண்டும் மே மாதத்துக்கு வருகிறேன்.

அடுத்த ஞாயிறுகளில் நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, முகத்துக்குப் பின்னால் இருக்கிறதைப் பார்த்துப் பேசினேன். மாடிப்படிக்குக் கீழே கறுப்பாகக் கனமான ஒரு ஜோடி ஷூ. சேகர் ரப்பர் செருப்பைத் தவிர வேறு எதையும் காலில் மாட்டாதவன். கொடியில் நீல நிறத்தில் ஒரு சட்டை, பையில் ஏதோ கம்பெனி முத்திரை. இரண்டு பேருக்குச் சமைக்கிற அடுப்பில் பெரிய குக்கர். போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். கல்பனாவிடம் காட்டினேன்.

"உங்களுக்கு வேற வேல இல்ல" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். சாதாரணமாக அவளுக்கு ஊர் வம்பு என்றால் கொள்ளை ஆசை. அன்றைக்கு ஏன் எழுந்து போனாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எல்லோரையும் சந்தேகப்படுகிற எனக்கு அவள்மேல் மட்டும் அந்தப் புத்தி போகாது.

தேவனாம்பட்டினத்தில் முரளி இருக்கிறான். என்னோடு படித்தவன். சுனாமிக்குப் பிறகு கடலே வேண்டாம் என்று ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவனிடம் காலையில் எங்கள் தெருப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கச் சொன்னேன்.

"இன்னா மச்சான், உங்க வூட்டையே வேவு பாக்கச் சொல்றியா?" என்று சிரித்தான். ஆனாலும் போனான். மறுநாள் அவன் குரல் பதிவு வந்தது.

"மச்சான், காலையில ஏழரை இருக்கும். செம்மங்குப்பத்துலேர்ந்து வர்ற கம்பெனி வேன் முனையில நின்னுச்சி. ஒரு ஆளு எறங்குனான். இருபத்தஞ்சி, இருபத்தாறு வயசு இருக்கும். உங்கம்மாவே கேட்டத் தொறந்து வுட்டாங்க. அவன் நேரா மாடிக்குப் போயிட்டான். இதுக்கு மேல என்னக் கேக்காத. எனக்கு ஒரு மாரியா இருக்குது."

முடிந்தது. செம்மங்குப்பத்தில் என்ன இருக்கிறது? ரசாயனத் தொழிற்சாலைகள். அங்கே ராத்திரி வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்குச் சேகர் என் பிள்ளைகளின் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறான். அதற்கு அம்மாவும் உடந்தை. நட்சத்திரம் போட்ட விரிப்பில் எவனோ ஒருவன் மருந்து நெடியோடு புரளுவது என் கண்ணுக்குத் தெரிந்தது. யாழினி டிராயரில் அவள் விட்டுவிட்டு வந்த டைரி இருக்கிறது. அன்று மாலையே சேகரைக் கூப்பிட்டேன்.

6

"மாடி ரூம்ல யார்டா இருக்கிறது?"

"யார்ணா சொன்னது?"

"யார் சொன்னா என்ன? கம்பெனி ஆள உள்ள வச்சிருக்க. எம் புள்ளைங்க ரூம வாடகைக்கு வுட்டுட்டியாடா?"

"வாடகையா?"

"அந்தக் கெமிக்கல் நாத்தம் படுக்கையில ஏறுனா போவுமா? நாளைக்கு எம் பொண்ணு அதுல எப்பிடிப் படுப்பா? யார் வூட்டு ஆளுன்னே தெரியாதவன்..."

"அண்ணா, இதோட நிறுத்திக்க."

"என்ன நிறுத்துறது? வேணும்னா நேராக் கேட்டிருக்கலாம். திருட்டுத்தனமா எதுக்கு?"

சேகர் குரலை உயர்த்தவில்லை. "யார் வூட்டு ஆளுன்னு உன் வூட்லயே கேளு" என்றான். போனை வைத்துவிட்டான்.

நான் திரும்பினேன். கல்பனா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி இருந்தது, அடுப்பை அணைத்திருந்தாள்.

"குணாங்க" என்றாள்.

குணா அவளுடைய தம்பி. சிதம்பரத்துக்காரன். எங்கள் கல்யாணத்தில் எனக்கு மாப்பிள்ளைத் தோழனாக உட்கார்ந்து, மாலை கனக்கிறது என்று அழுத சின்னப் பையன். டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று வருடம் வேலை இல்லாமல் இருந்தான் என்று தெரியும். வேலை கிடைத்தது என்றும் தெரியும். எங்கே, என்ன வேலை, எங்கே தங்குகிறான் என்று நான் கேட்டதில்லை. ஊர் முழுக்கத் துப்பு துலக்குகிறவன் அதை மட்டும் கேட்கவில்லை.

"ஷிப்ட் முடிச்சிட்டு சிதம்பரம் பஸ் ஏறுனா உக்காந்த எடத்துலயே தூங்கிப்புட்றான். ரெண்டு தடவ கொள்ளிடம் தாண்டிப் போயி எறங்கியிருக்கான். அத்தகிட்ட சொல்லி அழுதேன். ரூம் சும்மாத்தான கெடக்குது, வரச் சொல்லுன்னாங்க. அண்ணன்கிட்ட சொல்லிடுங்க அண்ணின்னு சேகர் எத்தன வாட்டி சொன்னாரு தெரியுமா? நான்தான் சொல்றேன் சொல்றேன்னு இழுத்துகினே இருந்தேன்."

"என்கிட்ட கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

கல்பனா என்னை நேராகப் பார்த்தாள். "கேட்டேங்க. அத்த இங்கேர்ந்து ஊருக்குப் போன வாரம். பாக்கலாம்னீங்க. அது பசங்க ரூமாச்சேன்னீங்க. எத்தன மாசத்துக்குன்னீங்க. டிராயரத் தொறப்பானான்னு கேட்டீங்க. எந் தம்பியங்க. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்கிறது?"

அப்படிக் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. ஆனால் பொய் என்று சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் என் கேள்விகள்தான். அம்மா ஒரு அடியை மறைத்தாள், கல்பனா ஒரு ஆளையே மறைத்தாள். இரண்டு பேரும் பயந்தது என் வாய்க்கு. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைக் கல்பனாவிடம் சொல்லாமல், "சேகராவது சொல்லியிருக்கலாம்" என்று முணுமுணுத்தேன். சேகர் அண்ணியைக் காட்டிக் கொடுக்காமல் என் திட்டை எல்லாம் வாங்கிக்கொண்டான் என்பது எனக்கு அந்த நிமிடமே தெரியும்.

7

மறுநாளே குணா சிதம்பரத்துக்குப் போய்விட்டான். சேகர் என் போனை எடுப்பதில்லை. அம்மா எடுப்பாள், இரண்டு வார்த்தை பேசுவாள், "அவன்கிட்ட நீயே பேசிக்க" என்று வைத்துவிடுவாள்.

மூன்று வாரம் கழித்துச் சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்தியாவிலிருந்து எனக்கு ஒரு சிறு பொட்டலம் வந்திருக்கிறது, உள்ளே இருப்பது பற்றிய விவரம் போதவில்லை, நேரில் வந்து பிரித்துக் காட்ட வேண்டும். எனக்கு உடனே சந்தேகம். அம்மா ஊறுகாய் அனுப்பியிருப்பாளோ, அபராதம் போடுவார்களோ என்று பயந்துகொண்டே போனேன். அன்றைக்குப் பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டதால் யாழினியும் வந்தாள்.

அதிகாரி ஒரு சின்னக் கத்தியைக் கொடுத்து, நீங்களே பிரியுங்கள் என்றார். உறை மேல் சேகரின் கையெழுத்து. உள்ளே நாலாக மடித்த தமிழ்ப் பேப்பர், அதற்குள் ஒரு வளையத்தில் இரண்டு சாவி. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"சாவி."

"அது தெரிகிறது. எதற்குச் சாவி?"

"என் பிள்ளைகளின் அறைக்கு."

"அறை எங்கே இருக்கிறது?"

"இந்தியாவில்."

அவர் என்னையும் பார்த்தார், யாழினியையும் பார்த்தார். பிறகு உறையில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். அதில் நாலைந்து கட்டங்கள், அன்பளிப்பு என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தது. கடலூர் தபால் ஆபீசில் யாராவது அடித்துக் கொடுத்திருப்பார்கள். "அன்பளிப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை. இதற்கு வரி கிடையாது, எடுத்துக்கொண்டு போகலாம் என்று அவரே முடித்துவிட்டார்.

பேப்பருக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. நான் எடுப்பதற்குள் யாழினி எடுத்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அந்த ஹாலில் எல்லோருக்கும் நடுவில், சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து வாசித்தாள். "ரூம் காலி. ரெண்டு சாவியும் இதுல இருக்கு. இனிமே யாரும் உள்ள போக மாட்டாங்க."

வெளியே வந்து பேருந்துக்கு நின்றோம். நடந்ததைச் சொன்னேன், மறைக்காமல்தான் சொன்னேன். அவள் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நாம எப்ப கடலூர் போறோம்?"

"அடுத்த வருஷம், கோடை லீவுல."

"எனக்கு அடுத்த கோடையில ஸ்கூல் டூர் இருக்கே. அம்மாகிட்ட சொன்னேனே." கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அது வரைக்கும் பாட்டி எப்படி உள்ள போயிக் கூட்டுவாங்க?"

சாவியை அவளிடமிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் நுழையக் கூடாது என்று நான் காவல் காத்த அறைக்குள் இப்போது நிஜமாகவே யாரும் நுழைய முடியாது. யாருக்காகக் காத்தேனோ அவள் வருவதாகவும் இல்லை.

8

வீட்டுக்கு வந்து குணாவைக் கூப்பிட்டேன். அங்கே மாலை ஏழரை, அவன் வேலைக்குக் கிளம்புகிற நேரம். மூன்றாவது தடவைதான் எடுத்தான்.

"சொல்லுங்க மாமா."

"குணா, சாவிய நாளைக்கே சேகருக்கு அனுப்பிச்சிடுறேன். நீ பழையபடி அங்கயே வந்து படுத்துக்கடா."

"பரவால்ல மாமா. பஸ் வசதியாத்தான் இருக்குது."

"தூங்கிட்டுக் கொள்ளிடம் போயிடுறியாமே, உங்கக்கா சொன்னா."

"அது மொதல்ல மாமா. இப்பல்லாம் தூக்கம் வர்றதில்ல." பிறகு அவனே பேசினான், கொஞ்சம் அவசரமாக. "உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன் மாமா. பாப்பா டிராயரத் தொடல. நிலவன் டிராயரையும் தொடல. நட்சத்திரம் போட்ட பெட்ஷீட்ட மொத நாளே மடிச்சி மேல வச்சிட்டேன். என் லுங்கியத்தான் விரிச்சிப் படுத்தேன். கெளம்பற அன்னிக்கு ரூம சோப்புப் போட்டுக் கழுவி வுட்டுட்டுத்தான் வந்தேன். கெமிக்கல் நாத்தம் இருக்காது மாமா."

நாத்தம் என்ற வார்த்தையை நான் சேகரிடம் மட்டும்தான் சொன்னேன். சேகர் அதைக் கொண்டுபோய் இவனிடம் சொல்லுகிறவன் இல்லை. அப்படியென்றால் அன்று மாலை, வேலைக்குக் கிளம்பி, ஷூவை மாட்டிக்கொண்டு, இவன் சேகருக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறான். நான் கத்தியதை முழுக்கக் கேட்டிருக்கிறான்.

மன்னிச்சிடுடா என்று சொல்ல வாயெடுத்தேன். தன்னைவிடப் பதினேழு வயது பெரியவன் அப்படிச் சொன்னால் அவன் இன்னும் கூசிப் போவான் என்று ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"ஆச்சி மாமா. பஸ் வந்துடுச்சி, வச்சிடட்டுங்களா?"

"சரிடா, பாத்துப் போ."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவன் பேசியதெல்லாம் காதில் அப்படியே இருந்தது. பஸ் வந்துவிட்டது என்று சொன்னானே, அந்த நேரம் அவனுக்குப் பின்னால் பஸ் சத்தம் எதுவும் கேட்கவில்லை.